எங்க வீட்டு ஒப்படைப்பு ஆணை

இந்த வருசம் எனக்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வெள்ளம் வரப்பிடாது. அக்டோபர் ஒண்ணாந்தேதி காலையில, சாயா கிளாசை மேசையில ஓங்கி வச்சு சபதம் போட்டேன்.

"கிளாசு உடைஞ்சா வேற கெடையாது," ன்னா எனக்க வீட்டுக்காரி செசிலி.

சபதத்துக்குக் காரணம் உண்டு. எங்க வீட்டு முன்னால மழைவெள்ளம் போறதுக்கு ஒரு ஓடை கெடக்கு. மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைச்சு, இப்ப அதுக்குள்ள கோழிதான் நடந்து போவுது. மழை பெய்தா வெள்ளம் நேரே எங்க முன்ரூமுக்கு வரும். அங்கதான் செசிலிக்க தையல் மெஷின் இருக்கு. போன வருசம் கிறிஸ்மசுக்குத் தைச்சு வச்ச, கோயில்ல பாடுத கொயர் பிள்ளையளுக்க வெள்ளை உடுப்பெல்லாம், கூடக் கெடந்த சிவப்புத் துணிக்க சாயம் இறங்கி ரோஸ் கலராயிட்டு. பூசையில கொயரு மொத்தமும் வெக்கப்பட்டு நிக்குத மாதிரி இருந்துது. இந்த வருசமும் அப்படி ஆனா ஒருத்தரும் அவளுக்குத் துணி தரமாட்டாவ.

கடையைப் பூட்டிட்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. ஒரு நாள் பூட்டினா ஒரு நாள் நட்டம்.

அங்க இருந்த சாரு கம்ப்யூட்டர்ல இருந்து கண்ணை எடுக்கல்ல.

"ஓடை இப்ப எங்களுக்க இல்ல. அரசுத் துறைக்கு ஒப்படைச்சாச்சு."

"அப்ப அதுல வாற வெள்ளம்?"

"அதையும் சேத்துதான்."

பஸ் ஏறி அந்தத் துறைக்க ஜில்லா ஆபீசுக்குப் போனேன். அங்க ஒரு மேடம்.

"அவங்க ஒப்படைச்சது சரிதான். நாங்க இன்னும் ஏத்துக்கிடல்ல."

"பின்ன ஓடை யாருக்குள்ளது?"

"இப்போதைக்கு யாருக்கும் இல்ல."

"எனக்க வீட்டு முன்னாலதான் கெடக்கு மேடம்!"

"பாருங்க, வெறும் பொறுப்பை மட்டும் அனுப்பியிருக்காங்க. ஓடை வாருற பணியாளு, மம்பட்டி எல்லாம் சேத்துத் தந்தாத்தான் ஒப்படைப்பு செல்லும்."

திரும்பி வாற வழியெல்லாம் பஸ்சுல தனியா பொலம்பிக்கிட்டே வந்தேன். ஓடைக்கு வரி கெட்டினது நான். வீட்டுக்குள்ள வந்த வெள்ளத்தை வாளியால கோரி வெளிய ஊத்தினது நான். ஓடை மட்டும் யாருக்கும் இல்லியாம்! ஒருத்தன் தள்ளிவிட்டானாம், மற்றவன் பிடிக்கல்லியாம், நடுவுல எனக்க வீடு நனையணுமாம்!

எங்க ஊரு கருங்கல்ல பஸ்சை விட்டு இறங்கும்போதுதான் ஒரு ரோசனை. ரெண்டு ஆபீசும் பேப்பர்ல எழுதிப் பொறுப்பைத் தள்ளலாம்னா, நான் ஏன் தள்ளப்பிடாது? நான் ராத்திரி பள்ளிக்கூடத்துல பத்தாங்கிளாஸ் பாசானவன். ஆபீஸ் தமிழு எனக்கு அத்துப்படி. வெள்ளைப் பேப்பர் எடுத்து எழுதினேன்.

'மேற்படி இல்லத்தின் மழைநீர் சம்பந்தப்பட்ட சகல பொறுப்புகளும் திரு. மரியஜான் அவர்களிடமிருந்து திருமதி செசிலி அவர்களிடம் இதன்மூலம் ஒப்படைக்கப்படுகின்றன.'

பேப்பரை செசிலிக்க கையில குடுத்துட்டு சண்டைக்குத் தயாரா நின்னேன். அவ நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டே வாசிச்சா.

"ஆபீசுல என்ன சொன்னாவ?"

நான் ஆத்திரத்துல ஒண்ணு விடாம ஒப்பிச்சேன்.

"அப்ப இதுலயும் பணியாளு, மம்பட்டின்னு சேத்து எழுதுங்க. இல்லாட்டி நான் ஏத்துக்கிட மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துது. எங்க வீட்டுல ஏது பணியாளு? ஒரு பூனை உண்டு, அதும் மழைன்னா கட்டிலுக்கு அடியில போயிரும். 'பணியாளர், மம்பட்டி, வாளி உட்பட' ன்னு தாராளமா எழுதினேன். அடுத்த வீட்டு சிலுவைதாசனைக் கூப்பிட்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினேன்.

"என்னவோய், சொத்தையா எழுதிக் குடுக்கீரு?"

"பாரத்தை எழுதிக் குடுக்கேன் ஓய்."

நாலாம் நாள் மத்தியானம் மழை கொட்டிச்சு. நான் நாற்காலியில கால்மேல கால் போட்டுட்டு இருந்தேன். வெள்ளம் படிக்கு வந்துது. செசிலி ஒரு கையில ஆணை, மறு கையில மம்பட்டியோட வந்து நின்னா.

"எந்திரிங்க."

"ஏட்டி, பொறுப்பு உனக்குல்லா?"

"பொறுப்பு எனக்குத்தான். இத்தன வருசமா இந்த வீட்டுல வெள்ளம் கோரினது யாரு?"

"நான்."

"மணல்மூட்டை அடுக்கினது?"

"அதும் நான்தான்..."

"அப்ப பணியாளு யாரு?"

நான் மெதுவா காலைக் கீழ இறக்கினேன். அவ மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்து, "சிலுவைதாசண்ணே, இது உங்களுக்க கையெழுத்துதானே?" ன்னா.

"எனக்கதுதான் தங்கச்சி!" ன்னு உடனே பதில் வந்துது, கூப்பிடுததுக்குக் காத்துக்கிட்டு இருந்த மாதிரி.

ஓடைக்குள்ள இறங்கினேன். முட்டளவு சேறு. ரெண்டு மணிக்கூறு வாரினேன். மழைக்கோட்டு போட்டு ஸ்கூட்டர்ல வந்த பஞ்சாயத்து சாரு வண்டியை நிறுத்தி, என்னைப் போட்டோ எடுத்தாரு. "ஓடைப் பணி நடக்கு" ன்னு யாருக்கோ போன்லயும் சொன்னாரு. மம்பட்டியை ஓங்கினேன். அதுக்குள்ள ஆளு போயாச்சு.

கடைசியில அடைப்பு விட்டு வெள்ளம் போச்சு. முன்ரூமுக்குள்ள ஒரு சொட்டு வரல்ல. மெஷின் சத்தம் ஜோரா கேட்டுது.

"ஏட்டி, பணி முடிஞ்சுது! சாயா!"

செசிலி சாயாவோட வந்தா. கூடவே இன்னொரு பேப்பரும். அவளுக்க கையெழுத்துல.

'மேற்படி பணியாளர், மம்பட்டி உட்பட, நாளை ஒருநாள் மட்டும் அடுத்த வீட்டு ஓடைக்காக திரு. சிலுவைதாசன் அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறார்.'

"சாட்சிக்கு மட்டும் ஒரு கையெழுத்து போடுங்க," ன்னா.

சேத்துக் கையில பேனா நிக்கல்ல. ராத்திரி பள்ளிக்கூடத்துல பத்தாங்கிளாஸ் பாசான நான், கைநாட்டு வச்சேன்.