ஏணிக்கடியில் ஓர் எழுத்தறிஞர்

எழுத்தறிஞர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் தைனான் நகரில் தெருவுக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். பெரிய தெரு என்றால் இரண்டு பேர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. இந்த இனத்தவரிடம் ஒரு சீன எழுத்தைக் காட்டினால் போதும், சீனத்தில் இன்னது, ஹாங்காங்கில் இன்னது, ஜப்பானில் இன்னது, கொரியாவில் இன்னது என்று திசைக்கொரு உச்சரிப்பாகப் பிடித்து வந்து உங்கள் முன் நிறுத்திவிடுவார். நீங்கள் கேட்டீர்களா? இல்லை. அதனால் என்ன?

கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் பார்க்கமாட்டார். சுவரில் ஒட்டிய சிவப்புத் தாளில் இருக்கும் எழுத்தைத்தான் பார்ப்பார். துக்க வீட்டில், "கொரியாவுல இதையே வேற மாதிரி சொல்லுவாங்க" என்று இறந்தவரின் மகனுக்கு ஆறுதல் சொல்வார். குழந்தை பிறந்த விருந்தில் ஆமை வடிவச் சிவப்புப் பலகாரம் வந்தால், அதன்மேல் பதித்த எழுத்தின் வரலாறு முடியும்வரை தானும் தின்னார், பக்கத்தில் இருப்பவரையும் தின்னவிடார்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் திரு. லியாவ். குடை ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒசாகாவுக்கு ஒருமுறையும் பூசானுக்கு ஒருமுறையும் போயிருக்கிறார். பூசானில் அன்று மழை. விடுதியை விட்டு வெளியே வரவில்லை. ஆனாலும் கொரியா அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சென்ற மாதம் ஷூ-யுன்னும் அவள் கணவன் யென்-திங்கும் கஞ்சிக்கடை திறந்தார்கள். இது அவர்களுக்கு இரண்டாவது கடை. முதல் கடையின் பெயர்ப்பலகையை நல்ல நேரம் தப்பி மாட்டினார்கள். கடை மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இதுவும் மூடினால் மாமியார் வீட்டு மாடியறைக்கே திரும்ப வேண்டும். பஞ்சாங்கம் கொடுத்த நேரம் பதினொரு மணியோடு முடிகிறது. யென்-திங் பலகையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டான். பலகையில் ஒரே எழுத்து, 樂. அப்போதுதான் திரு. லியாவ் வந்து ஏணியைப் பிடித்தார்.

"நிறுத்துப்பா! இத எப்படி வாசிக்கணும்னு முடிவு பண்ணிட்டியா?"

"லெ-ன்னுதான் மாமா. சந்தோஷம்."

"யுவே-ன்னும் வாசிக்கலாமே. அப்ப இசை! நீ நடத்தப்போறது கஞ்சிக்கடையா, கச்சேரியா?"

"மாமா, கை வலிக்குது."

"ஹாங்காங்ல லொக், ங்கொக். ஜப்பான்ல ராக்கு, காக்கு. அங்க எழுத்தையே சுருக்கிட்டானுங்க, பாவிங்க. கொரியாவுல மூணு. நாக், ஆக், யோ. ஏணிய ஆட்டாதடா, யோ-தான் முக்கியம்."

"நான் எங்க ஆட்டுறேன்? நீங்கதான் பிடிச்சு ஆட்டுறீங்க!"

மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். இரண்டாவது பார்வை நீளமானது.

கடை திறக்கிற நாளில் வாசலில் கடுஞ்சொல் கூடாது. பேசினால் அதிர்ஷ்டம் அப்படியே திரும்பிப் போய்விடும். இது எல்லோருக்கும் தெரியும். திரு. லியாவுக்கு மிக நன்றாகத் தெரியும்.

ஷூ-யுன் இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பணிவாக வந்தாள்.

"உங்களத்தான் கேக்கணும் மாமா. வியட்நாம்ல இத எப்படிச் சொல்லுவாங்க?"

திரு. லியாவ் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எங்கள் தெரு இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை.

"அது வந்து... வீட்டுல அகராதி இருக்கு. இதோ வந்துட்டேன். அதுவரைக்கும் யாரும் எதையும் மாட்டக்கூடாது!"

ஏணியை விட்டுவிட்டு ஓடினார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் சுத்தியல் சத்தம் கேட்டது. பலகை சுவரேறியது, மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை. மாமியார் ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டு, முதல் கிண்ணம் கஞ்சியைத் தானே வாங்கிக் குடித்தார். சரவெடி வெடித்துக்கொண்டிருந்தபோது திரு. லியாவ் அகராதியை ஆட்டிக்கொண்டே மூச்சிரைக்க வந்து, வியட்நாம் உச்சரிப்பை உரக்க அறிவித்தார். வெடிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

அதை இங்கே எழுதப்போவதில்லை. நேரம் தப்பவில்லை, கடை திறந்தாயிற்று, வாசலில் கூட்டம் நிற்கிறது; சொல்ல வேண்டிய செய்தி அவ்வளவுதான்.

என்ன, போதவில்லையா? ஷூ-யுன்னின் கடை கிடக்கட்டும், வியட்நாமில் அதை எப்படித்தான் சொல்வார்கள் என்று உங்களுக்குள் ஏதோ அரிக்கிறதா? அப்படியானால் ஒரு வேண்டுகோள். எங்கள் தெருவில் யாராவது ஏணி சாத்தும் நாளில் தயவுசெய்து வந்துவிடாதீர்கள்.