ஜப்பான் பாயும் வாசல் பார்த்த ஷூவும்

அஜ்மான் லேபர் கேம்ப்பை விட்டு நடக்க ஆரம்பித்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை, காலில் பெயின்ட் சொட்டு காய்ந்த சேஃப்டி ஷூ. காலையில் ஃபோர்மேன் என் பையைத் தூக்கிக் கேம்ப் வாசலில் வைத்து, "கலாஸ்" என்றிருந்தான், முடிந்தது என்று அர்த்தம். விசா கேன்சல். பதினொரு நாளுக்குள் புது வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு டிக்கெட். கூட இருந்தவன் ஒருவன் துபாய் தேராவில் ஓர் அறையின் விலாசத்தை எழுதிக் கொடுத்து, "ஜப்பான் பாய்னு கேளு. ஆளு ஒரு மாதிரி. ஆனா உள்ள விடுவாரு" என்றான்.

துபாயில் தெருவுக்கு நாலு நட்சத்திர ஓட்டல் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த ஊரில் வந்தவனை விருந்தாளியாக நடத்தத் தெரிந்த ஒரே மனிதர் ஜப்பான் பாய்தான். அவரிடம் இருந்ததோ, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறை.

சொந்த ஊர் அதிராம்பட்டினம். பகலில் ஒரு மசாலாக் கடையில் ஏலக்காய் நிறுப்பார். அதற்கு முன் கப்பலில் இருந்தவர். ஒருமுறை ஜப்பானில் ஏதோ சின்னத் துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நிற்க, அவரைப் பழைய மரவிடுதி ஒன்றில் ஆறு நாள் தங்க வைத்தார்கள். அந்த விடுதியிலிருந்து மனுஷன் இன்னும் செக்-அவுட் செய்யவில்லை.

நான் கதவைத் தட்டியதும் திறந்து, அப்படியே மண்டியிட்டுத் தலை குனிந்தார். ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறார் என்று நானும் குனிந்து தேடினேன்.

"வாங்க தம்பி, வாங்க. களைச்சு வந்திருக்கீங்க. ஷூவ இங்கனயே கழட்டிருங்க."

அறைக்குள் போட ஒரு செருப்பு. கக்கூசுக்கு மட்டும் நீலச் செருப்பு. நீலச் செருப்போடு அறைக்குள் வந்தால் அது கொலைக்கு அடுத்த குற்றம். சின்னக் கோப்பையில் பால் விடாத சுலைமானி டீ, பக்கத்தில் ஒரே ஒரு பேரீச்சம்பழம். பிறகு மடித்து வைத்த அங்கி ஒன்றை நீட்டினார். பழைய திரைச்சீலையில் தைத்தது. மாலையில் எட்டுப் பேரும் ஒரே பூப்போட்ட அங்கியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, புதிதாக வந்த வாட்ச்மேன் இது ஆஸ்பத்திரியா என்று கேட்டானாம்.

இரும்புக் கட்டில்களையெல்லாம் எப்போதோ தூக்கிப்போட்டுவிட்டார். தரையில் மெத்தை. விடிந்ததும் சுருட்டி அலமாரியில் வைத்துவிட வேண்டும், அதுதான் ஜப்பான் முறை. இதில் மாட்டியவன் சிவகங்கை செல்வம். கிரேன் ஓட்டுபவன், அவனுக்கு எப்போதும் நைட் டூட்டி.

"பாய், நான் காலையிலதான் வாரேன். மெத்தைய நீங்க சுருட்டிட்டா நான் எங்கிட்டுப் படுக்க?"

"அங்க பகல்ல யாரும் மெத்தை விரிக்க மாட்டாங்க செல்வம்."

"அங்க எவனாச்சும் கிரேன் ஓட்டுனானா?"

பாய் ஒரு நாள் முழுக்க யோசித்தாராம். மறுநாள் காலை செல்வம் வந்ததும் ஜன்னல் திரையை இழுத்து மூடி, "இப்ப ராத்திரி" என்று அறிவித்து, மெத்தையை விரித்துக் கொடுத்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி குளியலறைதான். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். உள்ளே ஆள் இருந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும், தட்டக்கூடாது. எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை இருந்த இடத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். பலகை எப்படி வந்தது என்று கேட்டேன்.

"அங்க எல்லாருக்கும் ஒரே வெந்நித் தொட்டி தம்பி. நாலு கெழவங்க உரிச்ச கோழியாட்டம் உக்காந்திருக்காங்க. நமக்கு ஆவுமா? நான் கைலியோட எறங்குனேன். நாலு பேரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"அடி விழுந்துச்சா?"

"விடுதிக்கார அம்மா வந்து பாத்துச்சு. மறுநாள்லேந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் கதவுல பலகை மாட்டி, என்னைய மட்டும் உள்ள விட்டுச்சு. கப்பல்ல பதினாறு வருசம். எவனும் என்னைய வாங்கன்னு சொன்னதில்ல."

மறுநாள் காலை நான் எழுந்தபோது மற்றவர்கள் டூட்டிக்குப் போயிருந்தார்கள், செல்வம் இன்னும் வரவில்லை. வாசலில் என் ஷூ மட்டும். பெயின்டையெல்லாம் சுரண்டி, துடைத்து, படிக்கட்டைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. பையை வெளியே வைத்தால் என்ன அர்த்தம் என்று முந்தின நாள்தான் படித்திருந்தேன். ஷூவுக்கும் அதே அர்த்தம்தானே. மெத்தையைச் சுருட்டி வைத்தேன், பையை எடுத்தேன், இறங்கினேன்.

தெருவில் திரும்பிப் பார்த்தால் பாய் பின்னாலேயே இறங்கி வந்து, கட்டட வாசலில் நின்று இடுப்பு வரை குனிகிறார். நான் முக்குக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் குனிந்துதான் நின்றார். விரட்டுவதிலும் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பையோடு ஆறு இடத்தில் வேலை கேட்டேன். பையோடு வருபவனை எல்லோரும் ஒரு தினுசாகப் பார்த்தார்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டபோது பையைத் தோள் மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மாலையில் அப்ரா படகுத்துறையில் உட்கார்ந்திருந்தபோது என்னைத் தேடிக்கொண்டு செல்வம் வந்து முன்னால் நின்றான்.

"யோவ், எங்கய்யா போன? அங்க பாய் டீய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மூணு தடவ சூடு பண்ணியாச்சு."

"போகச் சொல்லிட்டாரே."

"யாரு, ஜப்பானா?"

"ஷூவ வெளிய பாக்கத் திருப்பி வச்சுட்டாருல்ல."

செல்வம் சிரித்த சிரிப்பில் கிளம்பிய படகில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க எல்லாரு ஷூவையும் நாலு வருசமா தெனம் திருப்பி வைக்காருய்யா!"

கதவைத் திறந்த பாய், செல்வம் விஷயத்தைச் சொன்னதும், குனிய மறந்துவிட்டார். முகம் சுருங்கிப் போயிருந்தது.

"வெரட்டுறதா இருந்தா தொடைச்சு வைப்பனா தம்பி? போறவரு காலை நுழைச்சுட்டு நேரா நடக்கணும். அம்புட்டுதான். வேலைக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

"பையைப் பாத்தீங்களே பாய்?"

"சர்டிபிகேட் இருக்கும்னு நெனச்சேன்."

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவனிடம் ஒரு பை நிறைய சர்டிபிகேட் இருக்கும் என்று நினைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நாலாவது தடவையாக டீ சூடானது.

மறுநாள் காலை ஷூவில் காலை நுழைத்து, கையை வீசிக்கொண்டு நேராக நடந்தேன். முக்கில் திரும்பி நானும் குனிந்தேன். ஒரு மாலில், குழந்தைகள் துள்ளி விளையாடும் இடத்தில் ஆள் தேவை என்றார்கள். எங்கே தங்கியிருக்கிறாய் என்ற கேள்விக்கு, தேரா என்று பட்டென்று சொன்னேன். விசா போட்டுத் தருவதாகச் சொல்லி அப்போதே டூட்டியில் நிறுத்தினார்கள். வேலை இதுதான்: குழந்தைகள் கழற்றிப் போடும் செருப்புகளை வாங்கி அடுக்க வேண்டும். என் உள்ளங்கை அளவுகூட இல்லாத செருப்புகள். ஒவ்வொன்றையும் துடைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஏழு மணிக்கு டூட்டி முடிந்ததும் ஒரு நிமிடம்கூட அங்கே நிற்கவில்லை. டீ ஆறிவிடும்.