டிரஸ்ஸரய்யாவின் மூன்று கேள்விகள்

"நம்ம டிரஸ்ஸரய்யாகிட்ட கொஞ்சம் முனகிக்கிட்டுப் போய் நின்னாப் போதும்லா. லீவு கெடச்சிரும்."

தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தின் பலகைச் சுவருக்கு வெளியே யாரோ ஒருத்தி சொன்னது, உள்ளே மருந்து கலக்கிக்கொண்டிருந்த டிரஸ்ஸர் சாம்பசிவத்தின் காதில் விழுந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனோதத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டி, ஒரு பரீட்சை தயாரித்தார். எந்த நோயிலும் வராத மூன்று கோளாறுகளைக் கேட்பது. ஆமென்றால் வேஷம். தோட்டத் துரையிடமும் சொல்லி, சபாஷ் வாங்கிவிட்டார்.

மறுநாள் காலை வந்த அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். கடைசியாக வேலாயி, நனைந்த கோழிபோல நின்றாள்.

"தலைமயிர் நுனி வலிக்குதா?"

"ஆமாங்கய்யா."

"தேத்தண்ணி குடிச்சா முழங்கை இனிக்குதா?"

"ஆமாங்கய்யா."

"வெத்தல போட்டா குதிகால் செவக்குதா?"

"அய்யா சொன்னா சரிங்க."

கொழுந்தெடுக்கப் போகச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சமையல் வாசனையே இல்லை. மனைவி பவளம் கம்பளிக்குள் இருந்தாள். கம்போங் ராஜாவிலிருந்து அவருடைய அக்கா, பிள்ளைகுட்டிகளோடு சாப்பிட வரும் நாள் அது.

"என்ன பவளம்?"

"நோவு. உங்க கேள்வியக் கேளுங்க."

"மயிர் நுனி?"

"இல்ல."

"முழங்கை?"

"இல்ல. குதிகாலும் செவக்கல. பாத்தீங்களா, நெசமான நோவு."

"ராத்திரி நான் சொன்னதக் கேட்டுக்கிட்டுச் சொல்ற."

"ஏங்க, அய்யாமாரு எது கேட்டாலும் ஆமாங்கய்யான்னு சொல்லித்தான் இங்க எல்லாருக்கும் பொழப்பு. உங்களப் பாத்து இல்லன்னு சொல்லிப் பழகினவ நான் ஒருத்திதான். அடுப்படியில போய்ப் பாருங்க. மலைக்குப் போற வழியில நம்ம வாசல்லயே விழுந்துட்டா."

அடுப்படியில் வேலாயி சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள். அவரைக் கண்டதும் எழப் பார்த்தாள். சாம்பசிவம் நெற்றியைத் தொட்டார். கொதித்தது.

"காய்ச்சலாம்மா?"

"ஆமாங்கய்யா."

மாத்திரை கொடுத்தார். லீவும் கொடுத்தார். திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"துரைகிட்ட இனி எப்படிப் போய் நிப்பேன்?"

"கொஞ்சம் முனகிக்கிட்டுப் போய் நில்லுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, பரீட்ச தப்பு. ஒத்துக்கிட்டேன். எந்திரி, அக்கா வர்ற நேரம்."

பவளம் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "பரீட்ச தப்புன்னா, எனக்கு நோவு இல்லன்னு எத வச்சுச் சொல்றீங்க?"

கீழ்ச் சாலையில் அக்கா வரும் வேன் மேடேறும் சத்தம் கேட்டது.

சாம்பசிவம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.