பெடலுக்கு மேல் ஒரு முட்டி

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சபதம் எடுத்தேன். இனி மச்சினன் வாசலை மிதிப்பதில்லை. செத்த பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

காரணம் சின்னதில்லை. நாலு பேர் பார்க்க என் காரைச் சுற்றி வந்தான், பானட்டைத் தட்டினான், "மாமா, இது காரா, சக்கரம் வச்ச கோழிக்கூண்டா?" என்று கேட்டான். நாலு பேரும் சிரித்தார்கள். மூன்றாவதாகச் சிரித்தது என் மனைவி. அவளை மட்டும் மன்னித்தேன். சோறு போடுகிறவளோடு எத்தனை நாளைக்குப் பகை வைக்க முடியும்?

மச்சினன் மெக்கானிக். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் இருக்கும். ஆகவே ஊரெல்லாம் அவனுக்கு ஸ்பேனர் என்றே பெயர். நான் அதையும் சொல்வதில்லை. "உன் தம்பி" என்பேன்.

அவன் கேலி செய்த கார் இருக்கிறதே, அதன் ஸ்டியரிங்கை இருபத்தொன்பது வருஷமாக என் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை. பெற்ற மகன் கேட்டான், கொடுக்கவில்லை. மாப்பிள்ளை கேட்டார், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன்தான். ஆனால் முப்பத்தோரு வருஷம் தண்ணீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் சத்தம் கேட்டு வளர்ந்த காது இது. இந்தக் காதுக்கு முன்னால் ஒரு ஸ்பேனர் எம்மாத்திரம்?

போன வாரம் அந்த ஸ்பேனரிடமிருந்து சேதி வந்தது. பெரிய இடமாகப் பார்த்துப் புது ஒர்க்ஷாப் திறக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.

"நம்ம கார்லயே போயிடலாம்" என்றாள் மனைவி. கேட்கவில்லை. அறிவித்தாள்.

மாட்டேன் என்று நேராகச் சொல்லலாம். கடைசியாக அப்படிச் சொன்னபோது மூன்று வாரம் சுவரைப் பார்த்துப் பேசினாள். நான் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னேன்.

ஆகவே யோசித்தேன். நான் மாட்டேன் என்றால்தானே குற்றம்? கார் மாட்டேன் என்றால்? பஞ்சர் என்றால் டயரைக் காட்டச் சொல்வாள். பேட்டரி என்றால் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வாள். கியர்பாக்ஸ்தான் சரி. வயிற்று வலியும் கியர்பாக்ஸும் ஒன்று. வெளியே எதுவும் தெரியாது. வைத்திருக்கிறவன் சொல்வதுதான் சாட்சி.

வேலையும் சுலபம். கிளட்ச் பெடலை முழுசாக மிதிக்காமல் பாதி மட்டும் மிதித்துக் கியரைத் தள்ளினால் போதும். பல் கடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கல் மனசும் இரங்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மாடியிலிருந்து இறங்கினோம். படிக்கட்டுக்குக் கீழே இரண்டு குடிதண்ணீர் கேன் வழக்கம்போல உட்கார்ந்திருந்தன. கேன்காரன் மாடி ஏற மாட்டான். நானும் தூக்க மாட்டேன். எனக்கு முட்டி வலி. இரண்டு வருஷமாக, கேனைப் பார்த்தால் மட்டும் வரும் வலி. அவள் குடத்தில் மாற்றி மாற்றி எடுத்துப் போவாள்.

காரில் ஏறினேன். சீட் ஒரு பல் முன்னால் நகர்ந்திருந்தது. மூன்று மாசமாக இதே தொல்லை. நடுக் கண்ணாடியும் தாழ்ந்து கிடந்தது. பெட்ரோல் வேறு கரைந்துகொண்டே இருக்கிறது. கீழ் வீட்டுப் பூனை மேல் எனக்குப் பலமான சந்தேகம். அதைச் சபித்துக்கொண்டே சீட்டைப் பின்னால் தள்ளி, எஞ்சினைக் கிளப்பி, பாதி கிளட்ச் மிதித்து, கியரைத் தள்ளினேன்.

கர்ர்ர்ரக்.

சொந்தப் பிள்ளையைக் கிள்ளி அழவிட்ட மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கியரும் கடித்துக்கொண்டது.

"என்னங்க இது?"

"கியர்பாக்ஸ் போச்சு."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து நல்லா இருந்தவங்க எத்தனை பேர் இன்னைக்கு இல்ல? இறங்கு. நீ ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வா. நான் இதோட கிடந்து மாரடிக்கிறேன்."

அவள் இறங்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"யாருக்குப் பண்ற?"

"கியர் போச்சுன்னா மெக்கானிக்குக்குத்தான் பண்ணணும். டாக்டருக்கா பண்ணுவாங்க?"

"உன் தம்பி கை என் வண்டியில படக் கூடாது!"

"கை எங்கங்க படுது? வாய்தானே?" என்று ஸ்பீக்கரைப் போட்டாள். "டேய் தம்பி, மாமா வண்டியில கியர் விழலடா. கறக்குங்குது."

"அப்படியா அக்கா? எந்தக் கியர்ல சத்தம்?"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். கொஞ்சம்கூட இளைக்கவில்லை. நான் அவனுக்குப் பதில் சொல்வேனா? மனைவியிடம் சொன்னேன், "எல்லாக் கியர்லயும்னு சொல்லு."

ஒரு கியர் என்று சொன்னால், அதை விட்டுவிட்டு மற்றதில் ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்பான். என் மூளை அப்போது நன்றாகத்தான் வேலை செய்தது.

"ரிவர்ஸ்லயும் சத்தம் வருதா?"

"ரிவர்ஸ்தான் ரொம்ப மோசம்னு சொல்லு" என்று, பாதி கிளட்சிலேயே ரிவர்ஸையும் ஒரு தடவை கடிக்க விட்டேன்.

"எனக்கே கேக்குது அக்கா. சரி, நியூட்ரல்ல போட்டு, கிளட்ச்ல இருந்து காலை எடுங்க. எஞ்சின் ஓடட்டும். உள்ளே ஏதாவது உறுமுதா?"

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். என் எஞ்சின் தூங்குகிற குழந்தை மாதிரி மூச்சு விட்டது. அதனிடம் நான் என்ன கெஞ்சியா கேட்க முடியும், கொஞ்சம் உறுமேன் என்று?

"ஒண்ணும் இல்லடா."

"அப்ப பேரிங் நல்லா இருக்கு. வண்டிக்குக் கீழே எண்ணெய் ஒழுகியிருக்கா?"

இறங்கி, குனிந்து, தரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். "துடைச்சு வச்ச மாதிரி இருக்குடா."

"ஓடும்போது கியர் தானா நழுவி வெளியே வருதா?"

"வண்டிதான் ஓடவே இல்லையே! உன் தம்பிக்கு மூளை இருக்கான்னு கேளு!"

"மாமா, வணக்கம். நல்லா இருக்கீங்களா?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். மனைவியிடம் சொன்னதை அவன் காதில் போட்டது ஸ்பீக்கரின் தவறு.

"அக்கா, எஞ்சினை நிறுத்திட்டு இப்ப கியர் போட்டுப் பாருங்க."

நான் கை வைப்பதற்குள் அவள் சாய்ந்து கியர்க் கம்பைப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ரிவர்ஸ். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. "எல்லாமே விழுதுடா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபத்தொன்பது வருஷம் துடைத்துத் துடைத்து வளர்த்த வண்டி, எதிரிக்குச் சாட்சி சொல்கிறதே! அந்த ஆத்திரத்தில், எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

"மாமா, நிறுத்தினா எல்லாக் கியரும் விழுது. ஓடும்போது எல்லாமே கடிக்குது. அப்ப கியர்பாக்ஸ் மேல பழி போடக் கூடாது. கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கும்."

இங்கேதான் நான் வாயைக் கட்டியிருக்க வேண்டும். "ஆமாம்ப்பா, தளர்ந்திருக்கு" என்று சொல்லக்கூட வேண்டாம், ஒரு இருமல் போதும். வண்டி போகாது என்று பேச்சு முடிந்திருக்கும். நான் மாடி ஏறிப் படுத்திருப்பேன். ஆனால் அந்தக் கேபிளைப் போன மாசம்தான் புதுசாக நானே போட்டிருந்தேன். ஒரு பகல் முழுக்கத் தரையில் மல்லாந்து கிடந்து போட்டது. அதைத் தளர்ச்சி என்கிறான் ஒரு ஸ்பேனர்!

"டேய்!" என்றேன். பதினோரு வருஷ மௌனம் அந்த ஒரு டேயில் உடைந்தது. "நான் போட்ட கேபிள்டா அது! யானையைக் கட்டி இழுத்தாலும் தளராது. உன் ஒர்க்ஷாப்ல இருக்கிற அத்தனை பேரும் வந்து பாருங்கடா!"

"சத்தியமா மாமா?"

"சத்தியம்!"

"அப்ப கேபிள்ல குத்தம் இல்ல."

"இல்லவே இல்ல!"

"அப்ப பெடல் அடி வரைக்கும் இறங்கல. மாமா, பெடலுக்கு மேலே என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? என் கால்தான் இருக்கு!"

  என் மனைவி மெதுவாகத் திரும்பி என் இடது காலைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல் வழியாக இரண்டு தண்ணீர் கேனையும் பார்த்தாள்.

"முட்டி!" என்றாள்.

"என்ன முட்டி?"

"இடது முட்டிதானே ரெண்டு வருஷமா வலிக்குதுன்னீங்க? ஐயோ, நான் ஒரு மக்கு! கேன் தூக்க முடியாத கால், கிளட்சை மட்டும் எப்படி மிதிக்கும்?"

"அதெல்லாம் நல்லா மிதிக்கும்!"

"அப்ப மிதிச்சு ஓட்டுங்க, போகலாம்."

"அது வந்து... முடியாது."

"ஏன்? முட்டி வலிக்குதா?"

நீங்களே சொல்லுங்கள். வலிக்கவில்லை என்றால் வண்டி ஓட வேண்டும், வாசலை மிதிக்க வேண்டும், வீடு திரும்பியதும் கேன் தூக்க வேண்டும். வலிக்கிறது என்றால் ஒரே நஷ்டம், இன்றைக்கு நான் ஓட்ட முடியாது. நான் ஓட்டாவிட்டால் கார் போகாது. கார் போகாவிட்டால் சபதம் பிழைக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"வலிக்குது" என்றேன். கொஞ்சம் முனகியும் காட்டினேன்.

"பாவம். அந்தப் பக்கம் நகருங்க."

"எதுக்கு?"

கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஓட்டுநர் உரிமம். அதில் அவள் படம். படத்திலும் அதே பார்வை.

"இது எப்போ?"

"ரெண்டு மாசம் ஆச்சு. தம்பிதான் சொல்லிக் கொடுத்தான்."

"எந்தக் கார்ல?"

"நீங்க மத்தியானம் ரெண்டு மணிக்குப் படுத்தா நாலரைக்குத்தானே எழுந்திரிப்பீங்க?" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்து என் இடத்தில் உட்கார்ந்து, சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்தாள். நடுக் கண்ணாடியைத் தாழ்த்தினாள்.

பூனையிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கிளட்சை அடி வரைக்கும் மிதித்தாள். ரிவர்ஸ் போட்டாள். கியர் மூச்சுக்கூட விடவில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் நான் இரண்டு தடவை உரசிய அந்தக் குறுகலான கேட்டில், தலையில் நிறைகுடம் வைத்திருக்கிற மாதிரி நிதானமாக வண்டியைப் பின்னால் எடுத்தாள். வழி நெடுக நான் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன்.

"அந்தக் கால் நல்லா மிதிக்குதே?" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. உடனே காலை மடக்கிக்கொண்டேன்.

ஒர்க்ஷாப் வாசலில் ஸ்பேனர் ஓடி வந்து கதவைத் திறந்தான். வாசலை நான் மிதிக்கவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். இரண்டு மெக்கானிக்குகள் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். வந்தவர்கள் ஒர்க்ஷாப்பைப் பார்த்ததைவிட என் முட்டியை அதிகமாகப் பார்த்தார்கள். இரண்டு பேர் தைலத்தின் பெயர் சொன்னார்கள்.

ஸ்பேனர் என் காரின் பானட்டைத் தட்டினான். "கோழிக்கூண்டு நல்லா இருக்கு மாமா. கோழிக்குத்தான் உடம்பு சரியில்ல."

நாலு பேர் சிரித்தார்கள். இந்தத் தடவை முதலில் சிரித்தது என் மனைவி.

விட்டேனா? மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். மானம் போனது போகட்டும், ஸ்டியரிங்காவது திரும்பி வர வேண்டும். முட்டி குணமாகிவிட்டது என்று காட்ட ஒரே வழிதான் உண்டு. விறுவிறு என்று கீழே போனேன். ஒரு கேனைத் தோளில் ஏற்றினேன். மாடியில் வைத்தேன். மறுபடி இறங்கினேன். இரண்டாவதையும் ஏற்றினேன். மூச்சு வாங்க அவள் முன்னால் நின்றேன்.

"பாத்தியா? முட்டி சரியாயிடுச்சு."

"அட, நிஜமாவா!" என்று முகமெல்லாம் மலர்ந்தாள். "இனிமே கேன் கவலை இல்ல."

"சாவியைக் கொடு."

"இன்னைக்கா? வேண்டாங்க. கனம் தூக்கின அன்னைக்குக் கிளட்ச் மிதிக்கக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்கான்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் கேன் வருமே."

இரண்டு கேனும் மாடியில் இருக்கின்றன. சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. நடுப் படிக்கட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது முட்டி நிஜமாகவே வலிக்கிறது.