முன்சீட்டில் சூப்

"வலது பக்கம் திரும்புங்க! வலது பக்கம்!" என்று பின்சீட்டிலிருந்து டோரீன் கத்தியபோது, லைல் சூப் சட்டியின் மூடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மறுநாள் மான் வேட்டை ஆரம்பம். அமெரிக்காவின் மிச்சிகனில் அன்றைக்குக் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். வேட்டை முகாமுக்கு பீன்ஸ் சூப் கொண்டுபோவது இந்த வருஷம் லைலின் முறை. சிந்திவிடக் கூடாதென்று சட்டியை முன்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டியிருந்தார். மனைவிக்குப் பின்சீட்டில், படுக்கைச் சுருட்டுகளுக்கு நடுவே இடம்.

"முப்பது வருஷமா போற வழி. எனக்கே சொல்லித் தர்றியா?"

"அதுதாங்க கடைசித் திருப்பம். இனிமே பாலந்தான். தாண்டினா கனடா!"

டிக்கியில் இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள். ஊரில் சட்டப்படி அவருடையவை. பாலத்தின் நடுவில் சட்டம் மாறிவிடும். அதில் ஒன்று அப்பா வைத்துவிட்டுப் போனது. பிடுங்கிக்கொண்டால்?

காரைப் பின்னோக்கி எடுத்தார். பின்னால் வந்த லாரிக்காரன் தலையை நீட்டினான்.

"யோவ் பெரிசு! கனடா முன்னாடி இருக்கு!"

பாலத்திலேயே இறங்கி, டோரீனின் போர்வையை எடுத்துத் துப்பாக்கிப் பெட்டிகளை மூடினார்.

"இப்பத்தான் அசல் கடத்தல் மாதிரி இருக்கு," என்றாள் டோரீன்.

கனடா சாவடியில் பெண் அதிகாரி குனிந்து பார்த்தாள். "ஆயுதம் ஏதாச்சும் இருக்கா சார்?"

"சூப்," என்றார் லைல்.

"ரெண்டு துப்பாக்கி இருக்கும்மா. டிக்கியில, என் போர்வைக்கு அடியில. வழி தவறி வந்துட்டோம்," என்றது பின்சீட்டு.

ஒரு மணி நேரம் சோதனை. டோரீன் பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போனாள். லைல் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார்.

"சொல்லாம மறைச்சிருந்தா துப்பாக்கியும் போயிருக்கும், காரும் போயிருக்கும். அந்தம்மா உண்மையச் சொன்னாங்க, பொழச்சீங்க. அப்படியே திரும்பிப் போயிருங்க. நல்லா வேட்டையாடுங்க," என்றாள் அதிகாரி.

லைலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி வேண்டாம் வேண்டாமென்று சொல்லியும் ஒரு கிண்ணம் சூப் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறினார். பின்னால் ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கிளப்பினார்.

பாலத்தில் மனம் பொங்கியது. "டோரீன், நான் பொய் சொல்லத்தான் இருந்தேன். அப்பா துப்பாக்கியக் காப்பாத்தினது நீதான். வழியும் நீ சரியாத்தான் சொன்ன. மனசாரச் சொல்றேன், நீ இல்லன்னா நான் இல்ல."

பதில் இல்லை. கண்ணாடியில் படுக்கைச் சுருட்டுகள்தான் தெரிந்தன. கோபமாக இருக்கும், இருக்கட்டும். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் திட்டாமல் வருகிறாளே, அதற்கும் சேர்த்து ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்.

அமெரிக்கச் சாவடியில் இருந்தவர் போனைக் கீழே வைத்துவிட்டு டிக்கியைத் திறந்து பார்த்தார்.

"துப்பாக்கி ரெண்டும் பத்திரமா வந்துருச்சு சார். உங்க வீட்டம்மாதான் அங்க பாத்ரூம் வாசல்ல நிக்கிறாங்களாம். கூட்டிட்டு வரப் போறப்ப, இந்தத் தடவையாவது துப்பாக்கிய விட்டுட்டுப் போங்க."