பேரம் படிந்த ஜன்னல்கள்

சென்னீர்குப்பம் ஹைவேயில் பழைய கதவு, ஜன்னல் விற்கிற அய்யாசாமி, சேக்காட்டில் தன் சொந்த வீட்டு ஜன்னல்கள் ஆறையும் ஆணி அடித்து மூடிவிட்டார். ரோட்டுப் புழுதி வரக்கூடாது. கொசு வரக்கூடாது. ஏசி காற்று வெளியே போகக்கூடாது. உயிரே போனாலும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க விடுவதில்லை என்று சபதம்.

உயிர் போய்க்கொண்டிருந்தது அவர் மனைவி தாட்சாயிணிக்கு. தினமும் விடிந்தால் தலைவலி.

"மூச்சு முட்டுதுய்யா. நேத்து தாளிச்ச நெடி இன்னும் உள்ளயே குந்திகினு கீது."

"நெடிதான? சோறா கேக்குது? குந்திட்டுப் போவட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஷர்மிளா காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எண் ஓடி ஓடி, இரண்டாயிரத்து நூறில் நின்றது.

"நாம விடுற மூச்சு வெளிய போக வழியில்ல அங்கிள். ஆயிரத்துக்குள்ள இருக்கணும். மேல போனா தலை கனக்கும், தூக்கம் கெடும்."

அய்யாசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது வருஷமாக எவன் என்ன விலை சொன்னாலும் பாதிக்கு வெட்டியே முன்னுக்கு வந்தவர்.

"இன்னாம்மா அநியாயம்! ஆயிரத்து அம்பதுன்னு சொல்லச் சொல்லு!"

கருவி இரண்டாயிரத்து நூற்று நாற்பதுக்குப் போனது.

"நீ கத்தக் கத்த ஏறுது பாரு," என்றாள் தாட்சாயிணி.

அவர் பேரம் பேசி ஒன்று ஏறியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"செரி, இப்ப இன்னாதான் வோணும் உனக்கு?"

"நாலு ஜன்னல் தொறக்கணும்."

"நாலா? இது ஊடா, பஸ் ஸ்டாண்டா? ஒண்ணு!"

"நாலு. ஒண்ணு கொறஞ்சாலும் திருநின்றவூர்ல என் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன். அங்க காத்து கீது."

பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். வாசல் வரை போன கிராக்கியை விடுவது அய்யாசாமியின் ரத்தத்திலேயே கிடையாது.

"இந்தா, நில்லு! ரெண்டு. கடைசி வெல. அதுக்கு மேல ஒரு ஆணி புடுங்க மாட்டேன்!"

தாட்சாயிணி பெருமூச்சு விட்டாள். "இன்னா பண்றது, உன்கிட்ட ஜெயிக்க முடியுமா? படுக்கற ரூம்ல ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு."

நாலை இரண்டாக்கிய பெருமிதத்தில் அய்யாசாமியே சுத்தியலை எடுத்தார். இரண்டு ஜன்னலும் திறந்தன. காற்று வந்தது. எண் சரசரவென்று எழுநூறுக்கு இறங்கியது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அடியே, கொசு?"

வாசலில் மணி அடித்தது. கடை ஆசாரி கோவிந்தராஜ், தோளில் கொசுவலைச் சட்டங்களோடு நின்றார். மாட்டினார். அளவு எடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தின.

"யோவ், இத எப்பய்யா செஞ்ச?"

"போன வாரம் நம்ம கடையிலதான். மரம் நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க அண்ணாத்தே?"

"ரெண்டுதான் வோணும்னு உனக்கு எவன் சொன்னான்?"

"அண்ணிதான். 'நாலு கேக்கப் போறேன், எப்படியும் ரெண்டுல வந்து நிப்பாரு, ரெண்டே போதும்'னாங்க."