விளம்பரங்களுக்குக் கீழே ஒரு சாவிக்கடை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, வாடிக்கையாளர் நேரில் வந்து கேட்டும் தன் போன் நம்பரைத் தர மறுத்த ஒரே வியாபாரி எங்கள் 'கீழ வாங்க' அண்ணன்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு முன்னால், கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் ஒரு சாவி வெட்டும் இயந்திரம், ஒரு ஸ்டூல், சாவிகள் தொங்கும் ஒரு பலகை. இவ்வளவுதான் அவர் கடை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை.

ஒரு காலத்தில் அவர் ராஜா. போனில் 'பிரிக்ஃபீல்ட்ஸ் பூட்டுக்காரர்' என்று தேடினால் முதலில் வருவது அவர் கடைதான். காசு கொடுத்து வாங்கிய இடமல்ல. பூட்டைத் திறக்க அவரைக் கூப்பிட்டவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதிப் போட்டதால் வந்த இடம். தே தாரிக் குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். பட்டம் வாங்கிய பிள்ளையின் போட்டோவைக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

பிறகு தேடல் பக்கத்துக்கு நம்மீது அக்கறை வந்தது. நாம் தேடுவது என்னவென்று நமக்கே சரியாகத் தெரியாது என்று முடிவுசெய்து, அண்ணனுக்கு மேலே ஒரு விளம்பரத்தை வைத்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் நான்கு. ஆரம்பத்தில் விளம்பரத்துக்கென்று தனி நிறம் இருந்தது, பார்த்ததும் தெரிந்தது. அப்படித் தெரிவது ஒரு குறையாகப் பட்டதோ என்னவோ, நிறம் போய், 'விளம்பரம்' என்ற சொல் மட்டும் எறும்பு வாசிக்கிற அளவில் மிஞ்சியது. அடுத்து ஒரு வரைபடம், அதற்குள்ளும் விளம்பரம். கடைசியாக எல்லாவற்றுக்கும் தலைமேல், செயற்கை அறிவு எழுதிய ஒரு பத்தி. பூட்டு திறக்காவிட்டால் பதற்றப்படாமல், முதலில் சாவி கைவசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். இந்த ஞானத்தையெல்லாம் தாண்டி வந்தால்தான் அண்ணன் கடை.

காலையில் கடை திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, தன் கடை வரும்வரை எத்தனை தடவை திரையைத் தள்ள வேண்டியிருக்கிறது என்று எண்ணுவது. அதைச் சாவிப் பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதுவார். "இன்னைக்கு அஞ்சு தள்ளு" என்பார், காய்ச்சல் பார்த்த டாக்டர் மாதிரி. மூன்று தள்ளைத் தாண்டினால் போன் அடிக்காது என்பது அவர் முடிவு. போனும் நிஜமாகவே அடிப்பதை நிறுத்திக்கொண்டது. இப்படியே போனால் ஸ்டூலையும் இயந்திரத்தையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. நிறைய பேர் தேடி, விளம்பரங்களைத் தாண்டி வந்து தன் கடையை அழுத்தினால் அந்த எந்திரத்துக்குப் புத்தி வந்துவிடும் என்று நம்பினார். அன்றிலிருந்து யாருக்கும் நம்பர் கிடையாது. ஒருமுறை பாசாரில் சாமான் வாங்கிய பைகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்த ஓர் ஆன்டி, வீட்டு கிரில் பூட்டைப் பார்க்க அவரை அழைப்பதற்காக நம்பர் கேட்டார்.

"நம்பர் தரமாட்டேன் ஆன்டி. போன எடுத்துத் தேடுங்க."

"நீங்கதான் முன்னாடி உக்காந்திருக்கீங்களே, எதுக்குத் தேடணும்?"

"உங்களுக்குத் தெரியுது. அதுக்குத் தெரியணும் லா. தேடுங்க. கீழ வாங்க. அது விளம்பரம், தொடாதீங்க. இன்னும் கீழ வாங்க."

பையிலிருந்த மீன் வாடை வீச ஆரம்பிக்கும்வரை ஆன்டி கீழே போனார். அண்ணனுக்குப் பெயர் வந்த கதை இதுதான்.

ஒருநாள் அவர் போனில் விளம்பரமே இல்லாமல் அவர் கடை முதலில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் போனில் தேடிக் காட்டினேன். ஆறு தள்ளு. நாள் முழுக்கத் தன்னையே தேடி அழுத்திக்கொண்டிருந்ததால், அவர் போன் மட்டும் அவரை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் பலகையில் ஆறு என்று எழுதினார். நீங்களாவது மேலே இருப்பதை அழுத்திவிடாதீர்கள் என்றார். சத்தியம் செய்துகொடுத்தேன்.

பிறகு நான் அம்பாங்குக்கு வீடு மாறினேன். ஒரு மதியம் அடுப்பில் பருப்புக் குக்கரை ஏற்றிவிட்டுக் குப்பை போட வெளியே வந்தேன். காற்று கதவைச் சாத்திவிட்டது. இடுப்பில் கைலி, கையில் போன், உள்ளே முதல் விசில். அண்ணனைத் தேடினேன். சாவி இருக்கிறதா என்று பார்க்கவும், விளம்பரம், விளம்பரம், இரண்டாவது விசில், வரைபடம், அதற்குள்ளும் விளம்பரம். மூன்றாவது விசிலில் சத்தியத்தைக் காற்றில் விட்டு, மேலே இருந்ததை அழுத்தினேன். ஓர் இனிமையான பெண்குரல், பக்கத்திலேயே ஆள் இருப்பதாகச் சொன்னது.

கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முதுகில் அந்த விளம்பரக் கம்பெனியின் பெயர் போட்ட புது டி-சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றினால், 'கீழ வாங்க' அண்ணன்.

இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். கதவைத் திறக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பருப்பு கரியாகியிருந்தது. திரும்பி வந்தபோது அவரே விஷயத்தைச் சொன்னார். அந்தக் கம்பெனியில் பூட்டுக்காரர் ஒருவர்கூடக் கிடையாதாம். ஸ்ரீ கெம்பாங்கான் ஆபீஸில் போன் எடுக்க நாலு பேர் மட்டும்தானாம். மேலே இடத்தை வாங்கிப்போட்டு, வருகிற அழைப்பைக் கீழே கிடக்கிற பூட்டுக்காரர்களிடமே அனுப்பி, கூலியில் பாதியை எடுத்துக்கொள்வார்களாம். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு.

"கடைய மூட மனசு வரல தம்பி. அதான் இவங்க கூப்பிட்டா போறேன்."

"மன்னிச்சிருங்கண்ணே. குக்கர் விசில் அடிச்சிருச்சு."

"பரவால்ல லா. அவசரத்துல யாரு கீழ வருவா?"

பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார். "நம்பர எழுதிக்குங்க தம்பி" என்றார். எத்தனை பேர் கேட்டும் தராத நம்பர். இப்போது அவராகவே நீட்டினார்.

"வேணாம்ணே. நான் தேடிக்கிறேன்."

இப்போதெல்லாம் தினமும் காலையில், வீட்டுச் சாவி பத்திரமாகக் கையில் இருக்கும்போதே, பிரிக்ஃபீல்ட்ஸ் பூட்டுக்காரரைத் தேடி, அத்தனை விளம்பரத்தையும் தாண்டி, அவர் கடையை ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் காபி குடிக்கிறேன். இன்றைக்கு ஏழு தள்ளு. அண்ணன் இருந்தார்.